இரண்டு ஃப்ளாப்பிக்கும் சந்தனம்

இரண்டு ஃப்ளாப்பிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தது நான்தான். ஆயுத பூஜை என்றால் எங்கள் தொழிற்சாலையில் ஸ்பேனர் முதல் ஃபோர்க்லிஃப்ட் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. கம்ப்யூட்டருக்கு வைத்தவன் ஃப்ளாப்பியை மட்டும் விடுவேனா? தகட்டு மூடியின் மேல் தாராளமாக அப்பினேன். விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், ஈரச் சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்திருந்தது.

இருங்காட்டுக்கோட்டையில் அப்போது நான் டெஸ்பாட்ச் பிரிவில் தற்காலிக ஊழியன். கார் கம்பெனிக்கு நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு பெட்டிக்கும் லேபிள் அடிக்கும் மென்பொருளைக் குன்றத்தூர்க்காரர் ஒருவர் தனியாளாக எழுதிக் கொடுத்திருந்தார். சாஃப்ட்வேர்காரர் என்றுதான் அவரைச் சொல்வோம். அவர் தந்த ஃப்ளாப்பியைச் செருகினால்தான் அது ஓடும். லேபிள் இல்லாத பெட்டியைக் கார் கம்பெனி வாசலிலேயே திருப்பிவிடுவார்கள்.

ஃப்ளாப்பிகள் கெட்டுப்போன அன்று மூன்று வண்டிகள் நகரவில்லை. சாஃப்ட்வேர்காரர் கொடுத்திருந்தது அவருடைய பக்கத்து வீட்டு போன் நம்பர். "கொயந்தைக்கு மொட்டை போட திருப்பதி போய்க்கீறாங்க. நாளைக்குத்தான் வருவாங்க" என்றது ஒரு பெண்குரல். மானேஜர் மேசையை ஓங்கித் தட்டினார். "ஒத்த ஆளை நம்பி ஒரு கம்பெனி நடத்துறதாய்யா?" எனக்கும் சாஃப்ட்வேர்காரர் மேல்தான் எரிச்சல் பொங்கியது. இந்த நேரம் பார்த்தா மொட்டை? கடைசியில் கையால் லேபிள் எழுதி அனுப்பிய வண்டிகள் போன வேகத்தில் திரும்பி வந்தன.

மறுநாள் அவரும் மொட்டைத் தலையோடு வந்தார். பையிலிருந்து வேறொரு ஃப்ளாப்பியை எடுத்துச் செருகியதும் லேபிள் வரத் தொடங்கியது. பிறகுதான் டிராயரில் சந்தனத்தோடு கிடந்த இரண்டையும் பார்த்தார். "இன்னா சார், ரெண்டுத்துக்குமா வெச்சீங்க? நான் இல்லாட்டியும் ஓடணும்னுதானே ரெண்டா குடுத்தேன்?" மானேஜர் காதில் விழாதபடி மெதுவாகத்தான் கேட்டார்.

அவரைத் தொடர்ந்து நம்பலாமா கூடாதா என்று மானேஜர் என்னிடம் அறிக்கை கேட்டார். என்னை நிரந்தரமாக்கும் காகிதமும் அதே மேசையில்தான் கையெழுத்துக்குக் காத்திருந்தது. "தனி ஒருவரைச் சார்ந்திருப்பது ஆபத்து" என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் பொய் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்றுவரை என்னைக் குடைவதும் அதுதான். சந்தனத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. என் வேலை நிரந்தரமானது. அவரை நிறுத்திவிட்டார்கள்.

பெரிய கம்பெனியின் மென்பொருள் வந்து சேர நான்கு மாதம் ஆனது. அதுவரை அவருடையதை வைத்துத்தான் ஓட்டினோம். நடுவில் இரண்டு முறை மாட்டிக்கொண்டு, வெட்கத்தை விட்டு அந்தப் பக்கத்து வீட்டுக்கு போன் செய்தேன். இரண்டு முறையும் ஒரு மணி நேரத்தில் வந்து நின்றார்.