என் கைக்குத் தகுந்த சங்கு

வளையல் கடைக்காரர்கள் கையைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார்கள். ரெண்டு-நாலு, ரெண்டு-ஆறு, கொஞ்சம் பூசின உடம்பென்றால் ரெண்டு-எட்டு. என் கையைப் பார்த்ததும் மட்டும் அண்ணாந்து மேல் தட்டைப் பார்ப்பார்கள். அங்கேயும் இருக்காது. "ஆர்டர் போட்டாத்தான் உண்டு டீச்சர்" என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நிற்பவரிடம் திரும்பிவிடுவார்கள்.

என் அளவு ரெண்டு-பதினாலு. வலது கைக்கு அதுவும் ஒரு நூல் பற்றாது.

பதிமூன்று வயதிலிருந்து வாலிபால் ஆடிய கை. பள்ளிக்கூட அணி, கல்லூரி அணி, அப்புறம் மாவட்ட அணி. வலைக்கு மேலே எழும்பிப் பந்தை அடிக்கிற வேலை எனக்கு. அடித்து அடித்து உள்ளங்கை தடித்தது. விரல் மூட்டெல்லாம் புடைத்தது. எலும்பு முதலிலேயே அகலம்தான், அது அப்பா வழி. இப்போது தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மைதானத்தில் இந்தக் கை என்னை ஒரு நாளும் தலைகுனிய வைத்ததில்லை. வளையல் கடையில்தான் சங்கடம்.

என் கல்யாணத்துக்குக் கண்ணாடி வளையல் போட வந்த பெண், என் கையில் சோப்பைத் தடவி, அதன்மேல் பிளாஸ்டிக் பையை மாட்டி, வழுக்கி வழுக்கித் தள்ளிப் பார்த்தாள். ஒரு டஜனில் ஏழு உடைந்தன. கட்டைவிரல் அடியில் கீறி ரத்தம் வந்தது. சுற்றி நின்ற பெண்கள் சகுனம் பார்க்கத் தொடங்கியதும் அம்மா அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டாள். தங்க வளையல் கதை அதைவிட மோசம். அதை அம்மா தட்டாரிடம் சொல்லிச் செய்தாள். உண்மையான அளவைச் சொல்ல அவளுக்குக் கூச்சம். ரெண்டு-பத்து என்று சொல்லிவிட்டு வந்து, "கல்யாணம் ஆனா கை மெலிஞ்சிரும்ளா" என்று எனக்குச் சமாதானம் சொன்னாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. கை மெலியவில்லை. நான்கு வளையலும் பேங்க் லாக்கரில் புதுக் கருக்கு மாறாமல் இருக்கின்றன. நான் கடிகாரம் கட்டிக்கொண்டேன்.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அண்ணன் ஸ்ரீவைகுண்டத்தில் உரக்கடை வைத்திருக்கிறான். மதினி நல்லவள்தான், ஆனால் மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவாள். ஒரு நாள் மாலை, நான் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது போன் செய்தாள்.

"ஏளா, வளையல் செட்டு சொல்லியாச்சு. பச்சைக்கல்லு வச்சது. நம்ம வீட்டுப் பொம்பளைய அத்தன பேருக்கும் ஒரே மாதிரி. ஒனக்கு மட்டும் சைசு இல்லங்கான் கடைக்காரன்."

"சரி மதினி. நான் பாத்துக்கிடுதேன்."

"நீ என்னத்தப் பாப்ப? ஒண்ணு செய்யி. போட்டோ எடுக்கும்போது முந்தானைய இழுத்துக் கைமேல போட்டுக்கிட்டு நில்லு. தெரியாது."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்துச் சொன்னாள். ஆனாலும் போனை வைத்த பிறகு அவிழ்த்த வலையை மறுபடி கட்டினேன். பந்துக் கூடையை இழுத்துவைத்து, கூடை காலியாகும் வரை சர்வீஸ் போட்டேன்.

அதற்கு அடுத்த வாரம், மகளிர் குழுக்களின் கண்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். கருவாடு, கடலைமிட்டாய், பனையோலைக் கூடைகளுக்கு நடுவே ஒரு மேஜையில் வெள்ளையாகச் சில தோடுகள் இருந்தன. பால் வெள்ளை இல்லை, உள்ளே இலேசாகச் சிவப்பு ஓடுகிற வெள்ளை. என்ன கல் என்று கேட்டேன்.

"கல்லு இல்ல டீச்சர், சங்கு. நானே அறுத்துச் செஞ்சது" என்றாள் மேஜைக்குப் பின்னால் இருந்த பெண். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் சிலுவை, விரல் நகங்களுக்குள் வெள்ளைத் தூள். குழுவில் கொடுத்த பயிற்சிக்குப் போய், கடன் வாங்கி மெஷின் போட்டு, வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை வைத்திருக்கிறாளாம். மூன்று வருஷமாக அவளே முதலாளி, அவளே தொழிலாளி.

தோடு ஒரு ஜோடி எடுத்துக்கொண்டேன். பிறகு, ஏன் கேட்டேன் என்று தெரியாது, "வளையல் செய்வீங்களா?" என்றேன்.

"கையக் குடுங்க."

கொடுத்தேன். மற்றவர்களைப்போல மேல் தட்டை அவள் தேடவில்லை. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, லேத் பட்டறைகளில் இருக்கிற வெர்னியர் அளவுகோலை எடுத்து மூட்டுக்கு மூட்டு அளந்தாள். பிறகு இடது கை. நோட்டில் எழுதினாள்.

"நல்ல கை" என்றாள். "வலை இழுக்குத கை மாதிரி இருக்கு. ரெண்டு கையும் ஒரே அளவு இல்ல, பாத்தியளா?"

"வலது கையாலதான் பந்து அடிப்பேன்."

"அதான பாத்தேன். செஞ்சிரலாம் டீச்சர். ஆனா அதுக்குத் தகுந்த சங்கு கெடைக்கணும்."

"தூத்துக்குடியில சங்குக்கா பஞ்சம்?"

"ஒங்க கைக்குப் பஞ்சம்தான்" என்று சிரித்தாள். சங்கு வளையலில் ஒட்டு கிடையாதாம். சங்கை ரொட்டித்துண்டு போடுவதுபோல் குறுக்கே அறுத்து, உள்சுழலைத் தட்டி எடுத்தால் கிடைக்கிற முழு வட்டம்தான் வளையல். ஆகவே கையைவிடச் சங்கு பெரிதாக இருக்க வேண்டும். பெரிய சங்கு எல்லாம் மூட்டை மூட்டையாக வங்காளத்துக்குப் போய்விடுகிறது. அங்கே கல்யாணப் பெண்களுக்குச் சங்கு வளையல்தான் முக்கியம்.

சனிக்கிழமை மத்தியானம் இருவரும் கடற்கரைப் பக்கம் ஒரு சங்கு குடோனுக்குப் போனோம். முக்குளித்து வருகிறவர்கள் அங்கே கொண்டுவந்துதான் போடுவார்கள். உள்ளே நுழைந்ததும் வாடை ஆளைத் தள்ளியது. தரையெல்லாம் குவியல் குவியலாகச் சங்கு. நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அண்ணாச்சி கையில் ஓர் இரும்புத் தகடு. அதில் சிறிதும் பெரிதுமாக மூன்று வட்ட ஓட்டைகள். சங்கை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டையில் விட்டுப் பார்ப்பார். நுழைந்து கீழே விழுந்தால் ஒரு குவியல், விழாவிட்டால் அடுத்த ஓட்டை. மூன்றாவது ஓட்டையிலும் நுழையாமல் நின்றுவிடுகிற சங்கைத் தட்டிப் பார்த்து, மெதுவாகத் தன் பக்கத்தில் சாக்கின்மேல் வைப்பார்.

"அண்ணாச்சி, டீச்சர் கைக்கு வளையல் அறுக்கணும்" என்றாள் அவள். "பெரிய சங்கா ரெண்டு மூணு குடுங்க."

"பெரிசுன்னா எம்புட்டுப் பெரிசு?"

அவள் நோட்டைப் பிரிப்பதற்குள் அவரே தகட்டை என் பக்கம் நீட்டினார். "கைய விடுங்க, பாப்போம்."

பெரிய ஓட்டையில் கையை விட்டேன். விரல்கள் போயின. மூட்டு வந்ததும் நின்றது. கட்டைவிரலை மடக்கித் தள்ளினேன். போகவில்லை. எனக்கு அந்தக் கல்யாண வீடும் சோப்பு நுரையும் நினைவுக்கு வந்தன.

அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு பார்த்தார்.

"நுழையலையே" என்றார். பிறகு, சங்குக்குச் சொல்கிற அதே குரலில், யோசிக்காமல் சொன்னார்: "அப்போ மொத ரகம்."

அவள் சிரித்துவிட்டாள். அண்ணாச்சிக்குத் தான் சொன்னது அப்புறம்தான் புரிந்தது. "தப்பா நெனச்சிராதிய டீச்சர். எங்க தொழில்ல இதுதான் ஒசத்தி. இதுக்காகத்தான் முக்குளிக்கிறவன் மூச்சடக்கி உள்ள போறான்" என்றார்.

தப்பாக நினைப்பதா? அந்த இடத்தில் நான் எவ்வளவு நிமிர்ந்து நின்றேன் என்று எனக்குத்தான் தெரியும். மாநிலப் போட்டியில் கோப்பை வாங்கியபோதுகூட இப்படி இல்லை. அந்தக் கோப்பைக்கு உழைத்தேன். இந்தக் கை நான் பிறந்தபோதே என்னோடு வந்தது. அதை ஒருவர் உசத்தி என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

மூன்று சங்கு பொறுக்கினோம். அவள் பட்டறையில் முதல் சங்கை அறுத்தபோது உள்ளே பூச்சி துளைத்து வழி வழியாக ஓட்டை போட்டிருந்தது. இரண்டாவதில் நல்ல வட்டம் கிடைத்தது, தேய்க்கும்போது மூன்று துண்டாகப் போயிற்று. அவள் முகமூடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளை.

"இன்னும் ஒண்ணுதான் இருக்கு. பயமா இருக்கா?"

"எனக்கு என்ன பயம்? கடைசிப் பாயிண்டுல சர்வீஸ் போட்டுப் பழக்கம். நீங்க அறுங்க."

வைரத் தூள் பதித்த சக்கரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுக்க வேண்டும். பல் டாக்டரிடம் கேட்கிற சத்தம். மூன்றாவது சங்கின் தோள் பகுதியிலிருந்து ஒரு வட்டமும், அதை ஒட்டி இன்னொரு வட்டமும் வந்தன. சங்கு போகப்போகக் குறுகுவதால் இரண்டாவது வட்டம் கொஞ்சம் சிறியது. நான் வருத்தப்பட்டேன். அவள் நோட்டை எடுத்து இரண்டு எண்களையும் காட்டினாள். பெரியது வலது கைக்கு, சிறியது இடது கைக்கு. அந்தச் சங்கு எனக்கென்றே வளர்ந்தமாதிரி இருந்தது.

"என்ன டிசைன் போட? பூ, கொடி, மயிலு எல்லாம் வரும்."

"ஒண்ணும் வேண்டாம். வெறுமனே இருக்கட்டும்."

"வெறும் வளையம்னா கொறைய ஒளிக்க எடமே கெடையாதே டீச்சர்" என்றாள். ஆனாலும் அவளுக்கு அது பிடித்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது. நான்கு நாள் தேய்த்தாள். ஒரு விரல் அகலத்தில், ஓரம் மட்டும் உருண்டு, வெயிலில் பிடித்தால் உள்ளே இளஞ்சிவப்பு ஓடியது. சோப்பில்லை, எண்ணெயில்லை. என் கையில் ஒரு வளையல் தானாக ஏறி நின்றது அதுதான் முதல் தடவை.

மதினிக்குப் போட்டோ அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"ஏளா, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? சங்கா? சங்கு ஊதுறது எந்த வீட்டுல? நல்ல காரியத்துக்கு அதக் கையில மாட்டிக்கிட்டா வருவ?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். நம் பக்கம் சங்கு என்றால் சாவு வீடுதான் முதலில் நினைவுக்கு வரும்.

"மதினி, ஒங்க வீட்டுல இருந்து நாலு தெரு தள்ளி நிக்காரே பெருமாள், அவரு கையில என்ன இருக்கு?"

"அது சாமிளா."

"அவரு முன்னாலதான கல்யாணம். அவரு வச்சிருக்கத நானும் போட்டுக்கிட்டு வாரேன்."

"ஒன் வாய்க்கு யாரு பதில் சொல்ல" என்று மதினி போனை வைத்துவிட்டாள்.

கல்யாணத்தன்று காலையில் பெருமாள் கோயில் மண்டபத்துக்குள் நுழைந்தேன். அரக்குப் பட்டு, சங்குத் தோடு, இரண்டு கையிலும் ஒற்றை ஒற்றையாக வெள்ளை வளையல். பச்சைக்கல் போட்ட எங்கள் வீட்டுப் பெண்கள் வரிசைக்கு நடுவில் நான் தனியாகத் தெரிந்தேன். மதினி என் கையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பந்தி வேலையைக் கவனிக்கப் போனாள். பந்தியில் மாப்பிள்ளையின் அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தார். இலைக்குத் தண்ணீர் தெளித்த என் கையை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"இது என்னம்மா, தந்தமா?"

நான் வாயைத் திறப்பதற்குள், சாம்பார் வாளிக்காரரை விரட்டிக்கொண்டிருந்த மதினி திரும்பினாள்.

"தந்தமா? எங்க தூத்துக்குடிச் சங்குல்லா! எங்க நாத்தனாவுக்குன்னே பொறுக்கி எடுத்து, கைய அளந்து அறுத்தது. பெருமாள் கையில இருக்கது. கடையில கேட்டாக் கெடைக்காது, ஆமா!"

அத்தை என் கையை விடாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாப்பாடு முடிந்து குடும்பப் படம் எடுக்க நின்றபோது, மதினி என் தோளைத் தட்டி, "கைய முன்னால வச்சு நில்லு" என்று அதட்டினாள். வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் படத்தில் முதலில் கண்ணில் படுவது என் கைதான். மணப்பெண்கூட அதைச் சொல்லிச் சிரித்தாள்.

அந்தப் படத்தை எங்கள் பழைய மாவட்ட அணியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அரைமணி நேரத்தில் ஐந்து பேர் கூப்பிட்டார்கள். எல்லாருக்கும் இதே கதை இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் ஒன்றாக ஆடியும், ஒன்றாக பஸ்ஸில் தூங்கி வழிந்தும், ஒருத்திகூட இன்னொருத்தியிடம் சொன்னதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேரையும் பட்டறைக்கு அழைத்துப் போனேன். ஒருத்தி பஸ் கண்டக்டர், ஒருத்தி நர்ஸ், ஒருத்தி பெரியதாழையிலிருந்து வந்திருந்தாள், மீன் ஏலம் எடுக்கிறவள். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து கையை நீட்டினார்கள். சங்கு அறுக்கிறவள் வெர்னியரைத் துடைத்துக்கொண்டு, "என்ன டீச்சர், கடலையே காலி பண்ணிருவிய போலிருக்கே" என்றாள்.

நான்கு பேருக்கு வளையல் ஆகிவிட்டது. ஐந்தாமவள் எங்கள் அணியில் வலைக்கு முன்னால் சுவர் மாதிரி நின்று தடுப்பவள். அவள் கை என் கையைவிடப் பெரியது. இதுவரை வந்த எந்தச் சங்கும் அவளுக்குப் போதவில்லை. குடோன் அண்ணாச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அவளுக்கு அவசரமில்லை. "வரட்டும், எனக்குள்ளது எங்க போயிரும்" என்று, பார்க்கிற இடத்திலெல்லாம் கையை விரித்துக் காட்டிச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.