ஒலிவ் குளத்துக் காற்று

ஒஸ்லோவில் எனக்கு வாய்த்த பகுதிநேர வேலை, முகர்வது. சிரிக்க வேண்டாம், உண்மையாகவே வேலைதான். ஆலைகளுக்குப் பக்கத்தில் பையில் பிடித்த காற்றை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். நாங்கள் நான்கு பேர். ஆளுக்கு இரண்டு குழாய். ஒன்றில் சுத்தமான காற்று, மற்றதில் பைக்காற்று துளியளவு கலந்திருக்கும்; அந்த அளவைப் படிப்படியாகக் கூட்டுவார்கள். எதில் நாற்றம் என்று பொத்தானை அமுக்க வேண்டும். இதற்கு அதிகூர்மையான மூக்கும் ஆகாது, மந்தமானதும் ஆகாது. எப்போது கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்லும் மூக்கு வேண்டும். என் மூக்கு முதல் தடவையே தேறியது. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

"நான் ஒளிச்சுச் சிகரெட் பத்தினதைப் பிடிச்ச மூக்கெல்லோ! உவங்களுக்கு இப்பதான் தெரியுது," என்றார் என் கணவர்.

ஒரு வெள்ளிக்கிழமை, தெற்கு நாடொன்றின் ஒலிவ் எண்ணெய் ஆலைக் கழிவுக் குளத்திலிருந்து பைகள் விமானத்தில் வந்திருந்தன. சன்னல் திறக்க முடியவில்லை, பிள்ளைகள் சத்தி எடுக்கிறார்கள் என்று குளத்தடிச் சனம் முறையிட்டிருந்ததாம். பொய் சொல்கிறார்கள் என்று ஆலைக்காரர் சாதித்தார்களாம். இது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். முன்னரே சொன்னால் மூக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அன்று தெரிந்தது ஒன்றுதான். மத்தியானத்துக்குள் அந்தக் காற்று பழசாகிவிடும், நான்கு பேர் இல்லாவிட்டால் எல்லாம் வீண்.

நான் செய்த வேலையைப் பாருங்கள். விதிப்படி கோப்பி குடிக்கவில்லை, தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. ஆனால் தூள் முடிந்துவிட்டதே என்று விடியவே எழும்பி மிளகாயும் மல்லியும் வறுத்துவிட்டேன்! பேருந்தில் பக்கத்துப் பெண் தும்மியபோதுதான் உறைத்தது. மேலங்கி, தலைமயிர், எல்லாம் கறித்தூள்.

வாயை மூடிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். மற்ற மூவரின் மூக்கையும் கெடுத்திருப்பேன். வாசலிலேயே நின்று பொறுப்பாளரிடம் சொன்னேன். வெட்கத்தில் முகம் எரிந்தது. எங்கள் சமையல் மணத்துக்காக இத்தனை வருடம் மின்தூக்கியில் கூனிக் குறுகி நின்றவள் நான். அதை என் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது.

அவர் திட்டவில்லை. குளித்துவிட்டு வாரும், மறுபடி சோதிப்போம் என்றார். மணமில்லாத சோப்பால் இரண்டு முறை தலை முழுகி, அவர்கள் தந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, சோதனைக் காற்றை முகர்ந்தேன். வழக்கமான அளவில் அதே பதில். மற்ற மூவரும் கைதட்டினார்கள்.

பிறகு அந்தக் காற்று. சீ! சிக்கு வாடை அடிக்கும் எண்ணெயும் மாட்டெருவும் சேர்ந்து புளித்தது போல. மூன்று சுற்றிலும் நான் அதை ஒரே அளவில், துளியிலேயே பிடித்தேன்.

சில மாதங்களின் பின், குளத்தை மூடும்படி ஆலைக்கு உத்தரவு வந்துவிட்டதாகப் பொறுப்பாளர் சொன்னார். ஒலிவ் மரத்தை நான் கண்டதில்லை. அந்தச் சனத்தையும் தெரியாது. ஆனால் அவர்கள் பொய் சொல்லவில்லை. கறித்தூள் மணக்கும் வீட்டிலிருந்து போய் அதற்குச் சாட்சி சொன்னவள் நான்.