எதையும் இரண்டு தடவை சொன்ன குரல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பெருங்கடவிளையில் உள்ள என் மைக் செட் கடையில் நடந்தது இது. கோயில் கொடை, தேவாலயத் திருவிழா, சாவு என்று எதுவானாலும் ஆட்டோவில் ஹாரன் ஒலிபெருக்கி கட்டி ஊருக்கு அறிவிப்பது என் தொழில். அறிவிப்புக் குரல் என் மனைவியுடையது. ஓடுகிற ஆட்டோவிலிருந்து ஒரு வீட்டுக்குப் பாதிதான் கேட்கும் என்பதால், எதையும் இரண்டு தடவை சொல்வாள். நடுவில் ஒரு மூச்சு விடுவாள். அவள் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகும் வரை, பாறசாலையிலிருந்து ஆரியங்கோடு வரை அந்தக் குரலைத் தெரியாத வீடு கிடையாது.

அவள் வேலை பார்த்த நகரத்தை அந்த வருடம் ராணுவம் பிடித்துக்கொண்டது. ஜனங்கள் எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். சண்டை மூண்டதும் போனும் இணையமும் போய்விட்டன. பதினோரு நாட்கள் அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கிருந்து தப்பி வந்த காஞ்சிரங்குளத்துக்காரர் ஒருவர்தான் அந்த ரகசிய வானொலியைப் பற்றிச் சொன்னார். போராட்டக்காரர்கள் நடத்துவது. நம் நேரத்துக்குச் சாயங்காலம் ஆறரை மணிக்கு, கால் மணி நேரம் மட்டும் வரும். எந்த வழி ஆபத்து, எங்கே மருந்து கிடைக்கும் என்று பல மொழிகளில் சொல்வார்களாம். பேசுகிறவர் ராணுவத்திடம் மாட்டினால் உயிரோடு விடமாட்டார்கள் என்றும் சொன்னார். அதை நான் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை.

கடைப் பரணில் கிடந்த பழைய ஷார்ட்வேவ் ரேடியோவை இறக்கித் துடைத்துச் சரிசெய்தேன். முதல் மூன்று நாட்கள் வெறும் இரைச்சல். நான்காம் நாள் ஏதேதோ மொழிகளுக்குப் பிறகு ஒரு பெண் மலையாளத்தில் பேசினாள்.

“பழைய பாலம் வழி போகருது.” ஒரு மூச்சு. “பழைய பாலம் வழி போகருது.”

பழைய பாலம் வழியாகப் போகாதீர்கள் என்று இரண்டு தடவை. பெயர் சொல்லவில்லை. எனக்குப் பெயர் எதற்கு? ரேடியோவைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்றும் நெஞ்சைப் பிசைகிறது. எனக்குத் தெரிந்த ஒரே சந்தோஷம் ஊருக்குச் சொல்வது. கேட்கும்போதே போனில் பதிவு செய்து வைத்திருந்ததை அப்படியே ஹாரனில் போட்டுவிட்டேன். போதாததற்கு மைக்கைப் பிடித்து அவள் பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் சொல்லி, உயிரோடு இருக்கிறாள் என்று கத்தினேன். சந்திப்பில் நின்றவர்கள் ஓடி வந்து கைகொடுத்தார்கள். யாரோ அதை வீடியோ எடுத்து நர்ஸ் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். பத்து நிமிடத்தில் அது கடல் தாண்டியிருக்கும்.

பக்கத்துத் தையல்கடை அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

“எலே, அவ பேரச் சொல்லாமப் பேசினது எதுக்காக்கும்? ஒனக்குப் புத்தி உண்டாலே?”

காஞ்சிரங்குளத்துக்காரர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. உடனே பைக்கை எடுத்தேன். தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போய், அந்த வீடியோவை அழித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். வாழ்க்கையில் முதல்முறையாக மைக் இல்லாமல், மெதுவான குரலில் ஊர் சுற்றினேன். எல்லோரும் அழித்தார்கள். ஆனால் அதற்கு முன் அவர்கள் யார் யாருக்கு அனுப்பினார்களோ, அந்தக் கணக்கு யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் ஆறரைக்கு இரைச்சல். அதற்கு மறுநாளும் அதேதான். மூன்றாம் நாளும் இரைச்சல்தான். அவளை நானே காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று முடிவே செய்துவிட்டேன். தையல்கடை அக்கா கடையை அடைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை. “நாளைக்கும் வாறேன் மக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

நான்காம் நாள் மலையாளம் வந்தது. வேகமாக, உணர்ச்சியே இல்லாமல், எதையும் ஒரே தடவை சொல்லிக்கொண்டு போனது ஒரு பெண் குரல். அவள் இல்லை என்று நான் உதட்டைப் பிதுக்கினேன்.

அக்காதான் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “அவதான் மக்கா. நல்லாக் கேளு.”

அவளேதான். மூச்சைக்கூட மறைத்துப் பேசினாள்.

இரண்டு மாதம் கழித்து ஊருக்கு வந்தபோதுதான் நடந்ததைச் சொன்னாள். இடையில் ஒரு மணி நேரம் இணையம் வந்ததில், அந்த வீடியோ அங்கேயும் போய்விட்டதாம். “கூட இருந்தவ ஒருத்தி எனக்க சத்தத்த எனக்கே போட்டுக் காட்டினா. பின்னால கேட்டது நம்ம கடைக்க ஹாரனாக்கும், எனக்குத் தெரியாதா?” என்றாள். அன்றைக்கே எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு இடம் மாறியிருக்கிறார்கள். மறுநாள் ராணுவம் அந்தப் பழைய அறைக்கதவை உடைத்திருக்கிறது. என்னால்தான் வந்தார்களா, வேறு தடயமா என்று அவளுக்கும் தெரியாது. நான் அழுதேன்.

இப்போது மறுபடியும் கடைக்கு அறிவிப்பு பதிவு செய்து தருகிறாள். ஆனால் எதையும் ஒரு தடவைதான் சொல்கிறாள். பாதிதான் கேட்டது என்று ஆட்கள் குறை சொல்கிறார்கள். இன்னொரு தடவை சொல் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு நல்ல சேதியை ஊருக்குச் சொல்லிவிட நாக்கு துடிக்கும்போதெல்லாம், இரைச்சலை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மூன்று சாயங்காலங்கள்தான் என் வாயைப் பொத்துகின்றன.