நம்ம ஊர்க்காரர் என்று கைடைப் பிடித்த கதை

தொண்ணூறுகளின் நடுவில் பிஎச்.டி. செய்ய டெல்லி வந்தேன். முனிர்காவில் மூன்று பேருக்கு ஓர் அறை. கோர்ஸ் வொர்க் முடிந்ததும் ஒரு கைடிடம் கையெழுத்து வாங்கி, வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தை ஆபீசில் கொடுக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் லேப் லேபாக ஏறி இறங்கி விசாரித்தார்கள். நான் ஒன்றையும் எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் துறையில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் பேராசிரியராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு வத்தக்குழம்பு போட்டார். இந்தி தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்த எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சாப்பிட்ட கை காய்வதற்குள் படிவத்தை நீட்டினேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மடையன் நான்.

மறுநாள் காலை அவர் லேபுக்குப் போனேன். அங்கே ஏழாவது வருடமாக இருக்கும் சீனியர் மலர் அக்கா, சாரின் மேசை முன் நின்றுகொண்டிருந்தார்.

"சார், ஜெர்மனியில இந்த மாசத்துக்குள்ள வந்து சேரச் சொல்றாங்க. தீசிஸ் எட்டு மாசமா உங்க டேபிள்லயே இருக்கு. ஒரு கையெழுத்துதான் சார்."

"என்னம்மா ஜல்தி? வெளியாளா இருந்தா எப்பவோ போட்டு அனுப்பியிருப்பேன். நீ நம்ம பொண்ணு. கொஞ்ச நாள் கூட இருந்து லேப் மெஷினைப் பார்த்துக்கோ." பிறகு என்னைப் பார்த்தார். "அச்சா, நீயும் வந்துட்டியா! இவனுக்குக் கை பழகட்டும்மா. அப்புறம் பார்க்கலாம்."

குரலில் துளிக் கோபம் இல்லை. முந்தின நாள் எனக்கு இன்னும் கொஞ்சம் சாதம் போடச் சொன்ன அதே குரல். நான் பின்வாங்கி வெளியே வந்தேன்.

வராந்தாவில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சேர்றதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாடா?"

"நம்ம ஊர்க்காரராச்சேன்னு..."

"நானும் அப்படித்தான் வந்தேன். ஃபாரம் குடுத்துட்டியா?"

"இல்லக்கா. பையிலதான் இருக்கு."

"கிழிச்சுப் போடு."

கிழித்தேன். வேறு படிவம் வாங்கிக்கொண்டு, சிடுசிடுப்புக்குப் பேர்போன ஒரு பஞ்சாபி மேடத்திடம் போனேன். அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. தன் மாணவர்கள் உள்ளே இருப்பதாகவும், முதலில் அவர்களிடம் பேசிவிட்டு வரும்படியும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிட்டார். அவர்களிடம் பேசிவிட்டு மேடத்திடமே சேர்ந்தேன். ஐந்தாவது வருடம் முடிவதற்குள் எனக்குப் பட்டம் கிடைத்தது.

அக்காவின் ஜெர்மனி வேலை வேறு யாருக்கோ போயிற்று. சாரின் கையெழுத்து மறுவருடம்தான் விழுந்தது. பைண்டிங் கடையிலிருந்து வந்த தீசிஸை அக்கா என் கையில் கொடுத்தார். புரட்டினேன். நன்றிப் பக்கத்தின் முதல் வரியிலேயே தூக்கிவாரிப் போட்டது. பெற்ற மகளைப் போல் பார்த்துக்கொண்ட கைடுக்கு நன்றி என்று இருந்தது.

"என்னக்கா இது?"

"வேற என்ன எழுதச் சொல்ற? வைவால எதிர்ல உக்காரப்போறது அவர்தானே."

இப்போது நானும் ஒரு கைடு. சேர வருகிறவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்கிறேன். நன்றிப் பக்கத்தைப் படித்து முடிவு செய்யாதீர்கள். அதை எழுதியவரைத் தேடிப் பிடித்து, தனியாகக் கேளுங்கள். என்னைப் பற்றியும்தான்.