அப்பாவின் இடது பக்கம்

அப்பா கவ்வாத்து வெட்டினால் தேயிலை மலை பாய் விரித்த மாதிரி மட்டமாக இருக்கும். நோர்வூட் பக்கம் எங்கள் தோட்டத்தில் அவர் கத்திக்கு அப்படி ஒரு பேர். அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் கத்தியைப் பிடித்தபடியே மலையில் சரிந்துவிட்டார்.

சித்தப்பாவும் இன்னும் சிலரும் கம்பளியில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். வாய் கோணியிருந்தது. இடது கை ஈரத்துணியாய்த் தொங்கியது. காத்து கருப்பு அடித்துவிட்டது என்றார் ஒருத்தர். வெறும் வயிற்று மயக்கம் என்றார் இன்னொருத்தர். சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பிராவில் இருக்கும் பெரியம்மா பால் இல்லாத சாயத்தண்ணியை அவர் வாயில் வைக்கப் போனபோது, தோட்டத்து மருந்துக்காரர் ஓடிவந்து தட்டிவிட்டார்.

“வாயில ஒன்னும் ஊத்தாதீங்க! நெஞ்சுக்குள்ள போயிரும். மொதல்ல லொறிய எடுங்க!”

இப்போது போன் பண்ணினால் ஆம்புலன்ஸ் வருகிறது. அன்றைக்குக் கொழுந்து லொறிதான். கொழுந்துச் சாக்குகளை ரோட்டிலேயே இறக்கிப் போட்டுவிட்டு, அப்பாவை ஏற்றிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

பல வாரம் கழித்து வந்தார். காலை இழுத்து இழுத்து நடந்தார். பேச்சு திரும்பியிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு பக்கம் மழமழவென்று இருக்க, மறு பக்கம் தாடி அப்படியே இருந்தது.

“என்னண்ணே, பாதி மாப்பிள்ளையா வந்திருக்கீங்க?” என்றார் சித்தப்பா.

“முழுசாத்தான்டா வழிச்சேன். கண்ணத் தொறந்து பாரு!”

வரிசை வீட்டு வாசல்களில் நின்ற லயமே சிரித்தது. அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அம்மா சுடும் ரொட்டி தட்டளவு பெரிது. அப்பா வலது கையால் வலது ஓரத்திலிருந்து பிய்த்துத் தின்பார். நடுவுக்கு வந்ததும் நிறுத்திக் கை கழுவிவிடுவார். இடது பாதி, கத்தியால் அறுத்த மாதிரி அப்படியே கிடக்கும். எங்கள் லயத்தில் அப்பன்மார் கடைசி வாயைக் கடைக்குட்டிக்கு மிச்சம் வைப்பது வழக்கம். நான்தான் கடைக்குட்டி.

“ஒனக்குத்தான் வச்சிருக்காரு, தின்னு” என்றாள் அம்மாவும்.

அண்ணன்மார் பார்க்கப் பார்க்கத் தின்றேன். ஊரில் எந்த அப்பா மகளுக்குப் பாதி ரொட்டி வைக்கிறார்? அன்றிலிருந்து அப்பாவின் இடது பக்கம்தான் என் இடம். எனக்கு முன்னால் யாரையும் அங்கே உட்கார விடமாட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, பேசவில்லை என்பதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ரொட்டிதான் பேசுகிறதே.

அப்பாவோ மெலிந்துகொண்டே போனார். “என்னா, இப்பல்லாம் ரொட்டிய இம்புட்டுக்காணா சுடுற?” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அடுத்த முறை கிளினிக்குக் கூட்டிப்போனபோது, இவர் ஏன் இப்படித் தேய்கிறார் என்று அங்கிருந்த மிஸியிடம் அம்மா கேட்டிருக்கிறாள். அந்த நர்ஸ் சிங்களப் பெண். அப்பாவின் இடது பக்கம் நின்று கூப்பிட்டாளாம். அப்பா வலது பக்கம் தேடினாராம்.

“கண்ணு நல்லா இருக்கு அம்மா. அவரு மூளைக்குத்தான் அந்தப் பக்கம் இல்ல” என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாளாம். கையைக் காலை நீவிவிடுவது மட்டும் போதாது, அந்தப் பக்கமிருந்தே பேசவேண்டும், அந்தப் பக்கமே சாமான் வைக்கவேண்டும், எப்படியாவது திரும்ப வைக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பக்கம் அவருக்கு வராமலே போய்விடுமாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். “இனிமே ரொட்டியில கை வச்ச, ஒடிச்சிருவேன். நீ அங்கனயே உக்காந்து தட்டத் தட்டிக் கூப்புடு. அவரே திரும்பித் திங்கட்டும்.”

“அது எனக்கு வச்சது.”

“ஒனக்கு வைக்கலடி. அவருக்கு அது தெரியல.”

தட்டில் கிடக்கும் ரொட்டி தெரியாத மனிதர் உண்டா? அம்மா பொய் சொல்கிறாள் என்றே நினைத்தேன். ஆனாலும் அகப்பைக்குப் பயந்து தட்டைத் தட்டினேன். “அப்பா, இங்கிட்டுப் பாருங்க. இங்கிட்டு.” என் பங்கைத் தின்னச் சொல்லி நானே கூப்பிடவேண்டியிருந்தது. அம்மா அவருடைய இடது கையைத் தூக்கித் தட்டோரத்தில் வைப்பாள். அப்பாவின் வலது கை விரல் தடவித் தடவி நடுவைத் தாண்டும். ஒரு நாள் ஒரு துண்டு போகும். மறு நாள் ஒன்றும் போகாது. பிறகு இரண்டு துண்டு. எனக்கு வயிறு எரியும்.

மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தட்டில் ஒரு துணுக்கும் மிச்சமில்லை. அம்மா அடுப்படியில் அகப்பையோடு நின்று தேம்பினாள். சித்தப்பா கைதட்டினார். நான் வெறும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் கழுத்து இன்னும் கொஞ்சம் திரும்பியது. தட்டைத் தாண்டி, என் முழங்காலைத் தாண்டி, என் முகத்துக்கு வந்தது.

“அட, கண்ணு. நீ எப்ப வந்த?”

இத்தனை நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவளைக் கேட்கிற கேள்வியா அது?

“இப்பத்தான்” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே ஓடினேன். இனி அப்பாவுக்கு என்மேல் ஆசை இல்லை என்று மழைத்தண்ணி ஓடும் கான் ஓரத்தில் குந்தி, மழையில் அழுதேன்.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. “புள்ள ஏன் அழுதுகிட்டு வாசல் பக்கம் ஓடுச்சு?”

அதற்கு அம்மா சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். நான் அழுகிறேன், இவளுக்குச் சிரிப்பு வருகிறதே என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

எங்கள் வாசல் அப்பாவுக்கு இடது பக்கத்தில் இருந்தது.