குளிரில் காய்த்த மிளகாய்

மிளகாய் வளர்க்க வேண்டும் என்று என் அக்கா பாஞ்சாலைக்கு எந்தத் தலையெழுத்தும் இல்லை. திருவண்ணாமலையில், சின்னக்கடைத் தெருவில் பிறந்தவள். எங்கள் ஊர் வெயிலில், பாத்திரம் கழுவுகிற இடத்தில் நாலு விதை விழுந்தாலே போதும், செடி தானாக முளைத்துக் காய்த்துத் தள்ளும். அதை யாரும் வளர்ப்பு என்று சொல்லிக்கொள்வதில்லை. எழுபத்தைந்தாம் வருஷம் அவளைக் கண்ணாயிரம் மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அங்கே போன பிறகுதான் மிளகாயும் வளர்த்தால்தான் வரும் என்று அக்காவுக்குத் தெரிந்தது.

மாமா நல்லவர்தான். குடி கிடையாது, கை நீட்டமாட்டார். இந்த இரண்டுக்காகவே எங்கள் அம்மா ராஜம்மாள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். ஆனால் அந்த ஊர்க் குளிர் அக்காவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதல் மார்கழியிலேயே இளைப்பு வந்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவாளாம். இவள் கீழே வெயிலில் இருந்தால்தான் தேறுவாள் என்று அங்கிருந்த டாக்டர் சொல்லியிருக்கிறார். மாமா கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். குளிர் என்றால் எல்லாருக்கும்தான் இருமல் வரும் என்பது அவர் கட்சி.

அப்பா ஆதிமூலம் தனியார் பஸ் கம்பெனியில் செக்கராக இருந்தார். நாலு பேரைத் தெரியும். எங்கள் ஊர் ரைஸ் மில் ஒன்றில் மாப்பிள்ளைக்கு ஃபிட்டர் வேலைக்குச் சொல்லி வைத்தார். சம்பளம் கொஞ்சம் கம்மி. ஆனால் மாமாவுக்குச் சம்பளம் பெரிதாகப்படவில்லை. மாமனார் ஊரில் போய் உட்கார்ந்தால் வீட்டோடு மாப்பிள்ளை என்று நாலு பேர் சொல்வார்களே, அதுதான் அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள். ஊர் வாய்க்குப் பயந்து பெண்டாட்டியின் மூச்சை அடகு வைத்தார் என்று நான் சொல்வேன். அம்மா என் வாயில் அடிப்பாள்.

மிளகாய்க்கு வருகிறேன். மாமாவுக்குப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்ளாமல் சோறு இறங்காது. அங்கே வாரத்துக்கு ஒரு நாள் சந்தை. வாங்கி வந்தது மூன்றாம் நாளே சொதசொதவென்று அழுகிவிடும். அதனால் அக்கா இங்கிருந்து காய்ந்த மிளகாய் விதையைக் கொண்டுபோய் டால்டா டப்பாக்களில் போட்டாள். காலையில் வெயில் எட்டிப்பார்த்ததும் டப்பாக்களை வாசலுக்குத் தூக்க வேண்டும். மதியம் பனிமூட்டம் இறங்கினால் உள்ளே தூக்க வேண்டும். ராத்திரி அடுப்பு ஓரம். பிள்ளை வளர்த்தால்கூட இவ்வளவு தூக்க வேண்டாம், ஒரு வயதுக்கு மேல் அது நடந்துவிடும்.

செடி வந்தது, பூவும் வந்தது. பூவெல்லாம் கொட்டிப்போனது. ஊருக்கு வந்தபோது அம்மாவிடம் கேட்டாள். அம்மா கேட்ட முதல் கேள்வியே, வீட்டுக்குத் தூரமான நாளில் செடியைத் தொட்டாயா என்பதுதான். குளிர் செய்கிற வேலைக்கும் பெண் பிள்ளை மேல்தான் பழி. இவளும் பயந்துபோய், அடுத்த மாதம் அந்த மூன்று நாளும் டப்பாக்கள் பக்கமே போகவில்லை. மாமாவைத் தூக்கி வைக்கச் சொன்னாள். சரி என்றவர் மறந்துவிட்டார். அது மார்கழி. வெளியிலேயே கிடந்த செடிகள் உறைபனியில் வெந்ததுபோல் கறுத்துப் போயின.

மறு வருஷம் எல்லா நாளும் தொட்டாள். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. அந்த மூட்டத்தில் தேனீ வருவதில்லை என்று அவளாகவே கண்டுபிடித்து, கோழி இறகால் ஒவ்வொரு பூவாகத் தடவிக் கொடுத்தாள். சித்திரையில் காய் பிடித்தது. அந்த வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். இதை எனக்குச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த களையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அந்த வைகாசியில் அப்பா கார்டு போட்டு இரண்டு பேரையும் வரவழைத்தார். மில் வேலை இன்னும் காலியாகத்தான் இருந்தது. அடுத்த குளிருக்குள் அக்காவைக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும் என்று அப்பா முடிவோடு இருந்தார். சாப்பாடு முடிந்ததும் பேச்சை எடுத்தார். டாக்டர் சொன்னது, மகள் இளைத்துப்போனது எல்லாவற்றையும் பக்குவமாகச் சொன்னார். மாமா குறுக்கே பேசவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எழுந்து போய்ப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து தாம்பாளத்தில் கொட்டினார். பச்சையும் சிவப்புமாக மிளகாய்.

"எல்லாம் உங்க பொண்ணு வளத்தது மாமா. அந்தக் குளிர்ல மிளகாயே காய்க்குது. மனுஷி இருக்க முடியாதா?"

அப்பா ஒரு காயை எடுத்துக் கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நம் ஊர்க் காரம் அப்படியே இருக்கிறது என்று சிரித்தார். அம்மா அதில் நாலை எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டுச் சரோஜாவிடம் காட்டிவிட்டு வந்தாள். மகளின் கைராசியில் எல்லாருக்கும் மனசு குளிர்ந்துவிட்டது. மில் வேலை அந்தத் தாம்பாளத்துக்கு அடியில் எங்கேயோ போய்விட்டது. கடைசியில் அப்பா பேருக்கு அக்காவைக் கேட்டார். பெரியவர்கள் நடுவில் புருஷன் பேச்சுக்கு மாற்றாகப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. அவர் சொன்னால் சரிதான் என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் போய், இந்தச் சனியனை எதற்கு வளர்த்தாய் என்று கேட்டேன்.

"வளக்கலன்னா துப்பில்லாதவள்னு சொல்லியிருப்பாங்க வேதா. வளத்ததுக்கு இப்படிச் சொல்றாங்க. நீ போயி அந்தச் சட்டிய எடுத்துட்டு வா" என்றாள்.

அடுத்த தை மாதம், பொங்கலுக்கு வந்தார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் தெருவுக்கு நடக்க முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாதான் குதிரை வண்டி பேசிக் கூட்டி வந்தார். வண்டியிலிருந்து இறங்கியவளை நான் கைத்தாங்கலாகப் பிடித்தேன். கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. பேசுவதற்கு முன் ஒரு மூச்சு, பேசிய பின் ஒரு மூச்சு.

இலையில் உட்கார்ந்ததும் அப்பா விசாரித்தார். மகளைப் பற்றி அல்ல, மிளகாயைப் பற்றி. செடியெல்லாம் பட்டுப்போய்விட்டது, ஒரே ராத்திரிப் பனியில் மொத்தமும் போய்விட்டது என்று மாமா வருத்தமாகச் சொன்னார். போனால் போகிறது, அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. அம்மா, புது விதை எடுத்து வைத்திருக்கிறேன் என்றாள்.

ரசம் ஊற்ற வந்த அக்கா அப்படியே நின்றாள்.

"பனியில தானாப் போகலப்பா. நான்தான் வெளியில விட்டேன். அது செத்துட்டா என்னக் கூப்பிட்டுக்குவீங்கனு விட்டேன்."

மாமா இலையைப் பார்த்தபடி இருந்தார். ஏன்மா, முன்னாடியே வாயைத் திறந்து சொல்லக்கூடாதா என்று அப்பா கேட்டார். அவளுக்கு மூச்சு வாங்கியது. ரசப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்பா பாதிச் சோற்றில் கை கழுவினார்.

"அவ இங்கயே இருக்கட்டும் மாப்ள. நீங்க இஷ்டப்பட்டா வாங்க, இல்லாட்டி போங்க. நான் அனுப்பறதா இல்ல" என்றார்.

மில்லில் போய்க் கேட்டார். அந்த வேலைக்கு ஐப்பசியிலேயே வேறு ஆள் வந்துவிட்டான். மாமா தனியாகத்தான் பஸ் ஏறினார். புருஷனை விட்டு வந்தவள் என்று தெருவில் பேச அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்கள். அதெல்லாம் அக்காவின் காதில் விழவில்லை. நடு அறையில் பாயை விரித்து, கையைக் காலை நீட்டி, மல்லாந்து படுத்துத் தூங்கினாள். மறுநாள் மதியம்வரை எழுந்திருக்கவில்லை. அம்மா போய்ப் போய் அவள் மூக்கருகே கை வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.