புதுக் கம்பைலரும் மாடி வீட்டுப் பெண்ணும்

வலியசாலையில் எங்கள் மாடியில் ஒரு பெண் குடியிருந்தாள். நெடுநெடுவென்று உயரம், கழுத்தில் எப்போதும் ஹெட்போன். புரோகிராம் எழுதுகிற வேலை. எங்காவது முட்டிக்கொண்டால் எழுதியதை வரிவரியாக யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள்.

அன்று காலை இறங்கி வந்தபோது முகம் வெளிறியிருந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளியின் நாடியைக் காட்ட அவள் எழுதிய புரோகிராம், ஓட்டிப் பார்த்தால் பாதியில் நின்றுபோகிறதாம். எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். அதைப் புதுசாக மாற்றியதிலிருந்து இப்படியாம். மத்தியானத்துக்குள் சரியாகாவிட்டால் வேலை போய்விடும்.

"மாமி, நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். கேட்டா போதும்."

"எனக்குப் படிப்புதான் கம்மிடீ, வாய் கம்மியில்லை" என்றேன். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

வெகுநேரம் சொல்லிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். "இங்க முதல்ல பூஜ்யம் வைக்கணும். நான் வைக்கவே இல்ல. பழைய கம்பைலர்ல எப்படியோ தானா பூஜ்யமா இருந்திருக்கு, புதுசுல அப்படி இல்ல."

"அப்போ புதுசு மேலே பழியைப் போட்டுடேன். யாருக்குத் தெரியப்போறது?"

"உங்களுக்குத் தெரியுமே மாமி."

என் எதிரிலேயே ஆபீசுக்குப் போன் போட்டு, "தப்பு என்னோடதுதான் சார்" என்றாள். திருத்தி அனுப்பச் சொன்னார்கள்.

அவள் எழுதியதில் ஒரு வரியும் புரியாத என்னை எப்படி அவள் சாட்சியாக எண்ணினாள் என்று இன்னும் யோசிக்கிறேன்.